ஐந்து கோழிகளும் ஒரு வரிக்கல்லும்

நாட்டுக்கோழிக் குழம்புக்குத் தேங்காயைக் குறைத்துத்தான் அரைக்க வேண்டும், சாமி. நேற்று உங்கள் பங்களாவுக்கு வந்த குழம்பில் சற்றுக் கூடிவிட்டது. அவசரம். என்ன அவசரம் என்று சொல்லத்தான் பூசைக்கு முன்னாலேயே பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி இனிகோ புதுத் துறைமுகத்தில் வந்திறங்கினான். பெண்டாட்டி மெட்டில்டாவுக்கு மோதிரத்தில் பதிக்க அகேட் என்கிற வரிக்கல் ஒன்று கொண்டுவந்தான். எனக்கு ஒரு பவுடர் டப்பா. நல்ல பவுடர். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் வீட்டுக்காரர் பாஸ்கல் முத்துத் தரம் பிரித்தவர். அவர் போன பிறகு எங்கள் தெருவில் எது கல், எது கண்ணாடி என்பது இந்தப் பிலோமினா சொல்வதுதான். கல்லைப் பார்க்கப் பெண்கள் கூடியிருந்தார்கள். நான் தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தேன்.

"கண்ணாடி" என்றேன்.

"கையில வாங்கியாவது பாருக்கா" என்றான் இனிகோ.

"எதுக்குலே? சோடா பாட்டில் துண்டுக்குக் கலர் அடிச்சு உன் தலையில கட்டிட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். மெட்டில்டா சிரிக்கவில்லை. "பதினோரு மாசம் கடல்ல கெடந்து கண்ணாடியா வாங்கிட்டு வந்தீக?" என்று அவனைக் கேட்டாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நாளைக்கு அவன் மறுபடியும் கப்பலேறுகிறான். அவள் இன்னும் பேசவில்லை.

"ரெண்டு நாள் வச்சு நல்லாப் பாரு" என்று இனிகோ கல்லை என் கையில் திணித்துவிட்டுப் போனான். பார்த்தேன். புளியங்கொட்டை அளவு. கன்னத்தில் வைத்தால் கிணற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்தது. கண்ணாடி என்றால் சீக்கிரமே சூடு பிடித்துவிடும். வெயிலில் தூக்கிப் பிடித்தேன். செங்கல் நிறத்தில் ஒரு வரி, அதற்குள் பால், அதற்குள் தேன், நடுவில் விடியற்காலைக் கடல் மாதிரி மெல்லிய சாம்பல் நீலம். ஒரு வரியும் இன்னொன்றின் மேல் ஏறவில்லை. எந்த இரண்டும் ஒரே கனத்தில் இல்லை. குமிழி கிடையாது. பாஸ்கல் படத்துக் கண்ணாடியில் கீறிப் பார்த்தேன். அவர் மீசைக்குக் குறுக்கே அழகாக ஒரு கோடு விழுந்தது.

அதுவே போதும். ஆனால் நான் அவசரப்பட்டு முடிவு சொல்கிறவள் இல்லை. மேல்பூச்சாக இருந்தால் போகட்டும் என்று அம்மியில் வைத்துத் தேய்த்தேன். வரி போகவில்லை. பளபளப்புப் போய்விட்டது.

மங்கிய முத்துக்கு பாஸ்கல் ஒரு வைத்தியம் செய்வார். கோழிக்கு விழுங்கக் கொடுத்து, கொஞ்ச நேரத்தில் அறுத்து எடுத்தால் பழைய ஒளி வந்திருக்கும். என்னிடம் கோழி இல்லை. மெட்டில்டாவிடம் ஐந்து இருந்தன, எப்போதும் என் கொல்லையில்தான் மேயும். சோற்று உருண்டைக்குள் கல்லை வைத்துப் போட்டேன். ஐந்தும் சேர்ந்து பாய்ந்தன. எது விழுங்கியது என்று தெரியவில்லை.

ஒரே நாளில் ஐந்தையும் அறுத்தால் கறி வீணாகும். திங்கள் கறுப்பி. செவ்வாய் புள்ளிக்காரி. புதனும் வியாழனும் செவலைகள் இரண்டும். எதன் இரைப்பையிலும் கல் இல்லை. முத்து வைத்தியம் கல்லுக்குப் பலிக்காது என்பது வியாழக்கிழமைதான் எனக்கு உறைத்தது. அதற்காகப் பாதியில் விட முடியுமா? வெள்ளிக்கிழமை மட்டும் அறுக்கவில்லை. எனக்கும் மனச்சாட்சி உண்டு.

தினமும் மெட்டில்டாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

"என் கோழியெல்லாம் எங்க போவுதுன்னே தெரியலியே மதினி" என்று அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

"இசக்கியப்பன் அண்ணாச்சி கடை நாய்க்கு முழியே சரியில்ல. நீ அழாமத் தின்னு, ஏளா."

அண்ணாச்சி அந்த நாயை ஓட்டப்பிடாரத்துக்கு லாரி ஏற்றிவிட்டார். நல்ல நாய்.

நேற்று ஐந்தாவது. துண்டு போட்டு முடிக்கும்போது மெட்டில்டா உள்ளே வந்துவிட்டாள். இரைப்பையைப் பிளந்து பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் அப்படியே சட்டியில் தள்ளினேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னைக்கு யாருக்கு மதினி இவ்வளவு?"

"பங்குச் சாமிக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அப்ப நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்."

கம்பி வழியாகப் பார்த்தாலே தெரிகிறது, உங்கள் கன்னம் வீங்கியிருக்கிறது. கடைவாய்ப் பல்தானே? கண்ணாடியாக இருந்தால் அதுதான் நொறுங்கியிருக்கும். உடைந்தது உங்கள் பல். ஆகவே அது அசல் அகேட், சாமி. சந்தேகமே வேண்டாம்.

நாளைக்குக் கப்பல் புறப்படுமுன் மெட்டில்டாவிடம் கல் அசல் என்பதைச் சொல்ல வேண்டும் என்று என் பாவத்துக்கு அபராதம் விதிக்கிறீர்கள். ஐம்பத்துமூன்று மணி செபமாலை வேண்டுமானால் பத்துத் தடவை சொல்கிறேன். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். என் வாக்கை நம்பி ஒரு தெருவே இருக்கிறது, அவர்களைக் குழப்பக் கூடாது.

கோழிகளைக் கொன்றது நான்தான் என்று பூசையில் மைக்கிலேயே சொல்லுங்கள், எனக்கு வருத்தமில்லை. கல்லைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் என்னிடம் அனுப்புங்கள். கண்ணாடி என்று சொல்லிவிடுகிறேன்.