ரெண்டு வீட்டுக்கு ஒரு புகைபோக்கி

— அளந்தது போதும் நெட், டேப்பச் சுருட்டு. மொதல்ல இந்தச் செவுத்துல கைய வெச்சுப் பாரு.

— வெதுவெதுன்னு இருக்கு ஹெஸ்டரம்மா. ஆனா நான் வந்தது...

— கொத்தனாரு, ஒனக்குத் தெரியாததா? எங்க அடுப்பும் செவுத்துக்கு அந்தப் பக்கம் ஐவி வீட்டு அடுப்பும் முதுகோட முதுகு ஒட்டி நிக்குது. ரெண்டு வீட்டுக்கும் ஒரே புகைபோக்கி. அவ மூட்டினா எனக்குக் காயும், நான் மூட்டினா அவளுக்கு.

— செங்கல் மிச்சம் புடிக்க அந்தக் காலத்துப் பிரபு பண்ணின வேலைங்க.

— மகராசன்! வாசலை மட்டும் அவளுக்குக் கெழக்க, எனக்கு மேக்கன்னு வெச்சான். வேலைக்காரன் பொண்டாட்டிங்க நின்னு வம்பளக்கக் கூடாதாம். வண்டியில போற தொரைங்க பாக்க கூரை முழுக்கச் சித்திர வேலை. உள்ள மாடியேறணும்னா தலைய இடிச்சுக்கணும்.

— அதனாலதான் முப்பது வருசம் ரெண்டு பேரும் மூஞ்சி பாக்காம...

— முப்பத்தொண்ணு. எம்புருசன் இந்த எஸ்டேட்டு வேட்டைக்காட்டுக்குக் காவக்காரரு. அவ மவன் திருட்டுத்தனமா ஒரு காட்டுக்கோழியச் சுட்டான். இவரு போட்டுக் குடுத்துட்டாரு. அந்த அவமானத்துல ஊர விட்டுக் கனடா போன பய, போனவன் போனவன்தான்.

— அதுக்கு நீங்க என்னம்மா பண்ணுவீங்க?

— வேணாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலையே! இவரு செத்தப்ப அவ வரல. ஆனா ரெண்டு நாளு அவ அடுப்பு அணையல. ஜூன் மாசம்டா நெட், யாராவது ஜூன்ல தீ மூட்டுவாங்களா? அந்தச் செவுத்த ஒட்டி உக்காந்துதான் அழுது தீத்தேன்.

— நீங்க கொஞ்சம் உக்காருங்கம்மா.

— உக்கார நேரமில்ல. ரெண்டு வாரமா செவுரு சில்லுனு கெடந்துச்சு. பதறிட்டேன். இந்த முட்டிய வெச்சுக்கிட்டு சுத்திப் போயிப் பாக்கவும் முடியல, வீராப்பும் விடல. மூணு நாளா மறுபடி சூடு. இனிமே எனக்கு என்ன ரோசம்? ஆப்பிள் கேக் சுட்டு வெச்சிருக்கேன், அவளுக்கு உசுரு. கையப் புடி, அந்த வாசலுக்குக் கூட்டிப் போ.

— வேணாம்மா.

— ஏன், என்னையக் கண்டா கதவச் சாத்திடுவாளா?

— அந்தத் தீய மூட்டினது நான்தாம்மா. அவங்க வீட்டப் பழுதுபாக்க எஸ்டேட்டுல சொன்னாங்க, ஈரம் காயட்டும்னு... ஐவியம்மா ஆஸ்பத்திரியில தவறி பத்து நாளாச்சு. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் டேப்ப வெச்சுக்கிட்டு அளந்துக்கிட்டு இருந்தேன்.

— அப்ப மூணு நாளா இந்தச் செவுத்துல கன்னத்த வெச்சு நான் மன்னிப்புக் கேட்டது... ஒங்கிட்டயா, நெட்?