கைப்பிடி வளைக்க ஒரே ஆள்

— அதெல்லாம் இருக்கட்டும் மேனேஜர் சார், இந்த ரிலீவிங் லெட்டர்ல ஒரு கையெழுத்து போடுங்க. நாளைக்கு வேற கம்பெனில சேரணும்.

— உட்காருப்பா. சிறந்த தொழிலாளின்னு உன் போட்டோவை வாசல்லயே மாட்டினோமே, இன்னும் என்ன குறை?

— அதைப் பாத்துட்டு, நான் பெரிய ஆளாயிட்டேன்னு வீட்டுக்காரர் வாடகையை ஏத்திட்டார். சம்பளத்தை ஏத்துங்க, இருக்கேன்.

— சம்பளத்தைத் தவிர எது வேணா கேளு. முதலாளி என் கையைக் கட்டிப் போட்டிருக்கார். பதவி தரலாம், அதுக்கென்ன காசா பணமா?

— அதான் சார் வினையே. சம்பளம் கேட்டவங்களையெல்லாம் சூப்பர்வைசர் ஆக்கிட்டீங்க. இப்ப வாளிக்குக் கைப்பிடி வளைக்க நான் ஒருத்தன்தான். மத்தவங்க சுத்தி நின்னு மேற்பார்வை பாக்கறாங்க. நேத்து நான் தும்மினதுக்கு ஆளாளுக்கு ரிப்போர்ட் எழுதறாங்க.

— அதனாலதான் கெஞ்சறேன். நீ போயிட்டா வாளியை எதைப் பிடிச்சுப்பா தூக்கறது?

— இடுப்புல வச்சுக்கச் சொல்லுங்க.

— விளையாடாத. உன்னையும் சூப்பர்வைசர் ஆக்கிடறேன். மிஷினையும் ஓட்டு, உன்னை நீயே மேற்பார்வையும் பாத்துக்க.

— ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவுமா சார்?

— அங்க மட்டும் என்னத்தக் கொட்டிக் குடுக்கறாங்க?

— சம்பளம் கூட. வீட்டுல எல்லாருக்கும் ஆஸ்பத்திரிச் செலவும் அவங்களே பாத்துக்கறாங்க. பாப்பாவுக்கு மூச்சுத் திணறும்போதெல்லாம் ஊரெல்லாம் கை நீட்டறேன் சார். வெக்கமா இருக்கு.

— கேக்கவே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா உன்னை விட்டா முதலாளி என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவார். கடைசியாச் சொல்றேன், ஜெனரல் மேனேஜர். எனக்கே மேல. இந்தா, ஆர்டர் அடிச்சு சீலும் குத்தியாச்சு. வா, என் நாற்காலிலயே உட்காரு.

— இந்த நிமிஷத்துலருந்தா?

— இந்த நிமிஷத்துலருந்தே. இனிமே இங்க யார் இருக்கறது, யார் போறதுன்னு உன் கையெழுத்துதான் செல்லும். சந்தோஷமா?

— ரொம்ப. அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க.

— இந்தா. பதவியை ஏத்துக்கறேன்னு எழுது, போதும்.

— அதில்ல சார். என் ரிலீவிங் லெட்டர்ல நானே கையெழுத்து போட்டுக்கறேன். ஆச்சு. சீல் எங்க?

— மேஜை மேலயே இருக்கு.

— என்ன சார், முகத்தைத் திருப்பிக்கிட்டு டிராயரைக் குடையறீங்க. கோவமா?

— கோவமெல்லாம் இல்ல, சார். குத்திட்டு சீலை மூடிடாதீங்க. முதலாளியைத் தவிர கையெழுத்து போட எனக்கு மேல ஒரு ஆள் இல்லாம என் ரிலீவிங் லெட்டரும் ரொம்ப நாளா இந்த டிராயர்லயே கிடக்கு.