ஆம்ப்பின் கடகடச் சத்தம்

கித்தார் சத்தத்தைப் பெருக்கும் வால்வு ஆம்ப்பில் கடகடவென்று சத்தம் வந்தால் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது, சேர். பென்சிலால் ஒவ்வொரு வால்வாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் இல்லையென்றால் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். பொறுமைதான் தேவை. எனக்கு அது நிறைய உண்டு.

ஜீவன் அந்த ஆம்ப்பை லுணுகலையில் இருக்கும் என் கடைக்குத் தூக்கி வந்தான். “அண்ணே, கித்தாரு வாசிச்சா கடகடங்குது. வெள்ளிக்கிழம தோட்டத்துல திருவிழா. எப்படியாச்சும் சத்தத்த நிப்பாட்டிக் குடுங்க.”

எங்கள் தேயிலைத் தோட்டத்து இசைக்குழுவில் அவனுக்கு முன் கித்தார் வாசித்தவன் நான். போன வருஷத் திருவிழாவில் அவன் எல்லோர் முன்னாலும் என் தோளிலிருந்து கித்தாரைக் கழற்றி, “நீங்க ஆம்ப் பெட்டியப் பாருங்கண்ணே, நான் வாசிக்கிறேன்” என்று சிரித்தான். கூட்டமும் சிரித்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று போட்டிருந்த சட்டையை மட்டும் பிறகு போடவில்லை.

எர்த் வயரைப் பிடித்திருந்த நட்டுதான் ஆடிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்போமர் பழசு, இரும்புப் பெட்டிக்குள் கரண்ட் கசிந்தது. அந்தக் கசிவு கித்தார் கம்பி வழியாக ஆளைத் தாக்கவிடாமல் மண்ணுக்குக் கொண்டுபோவது எர்த் வயர். நட்டை இறுக்கினாலும் சத்தம் நிற்கும். நட்டைக் கழற்றி எடுத்து வயரை விலக்கினாலும் நிற்கும். நான் கழற்றி எடுத்தேன்.

கடையிலேயே வாசித்துப் பார்த்தான். ரப்பர் சப்பாத்து போட்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. “சத்தமே இல்லண்ணே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பாவமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மழை விட்டபோது கோயில் மேடை நனைந்து கிடந்தது. சாமிக்கு முன்னால் சப்பாத்தோடு யாரும் ஏறுவதில்லை. அவன் அவசரத்தில் மறந்து ஏறப் போனான். “தம்பி, சப்பாத்து” என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு கழற்றி என் கையிலேயே கொடுத்தான். வாசிக்கத் தொடங்கியதும் கித்தார் கம்பியில் வைத்த கையை அவனால் எடுக்க முடியவில்லை. நான் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விபத்து என்று எழுதிவிட்டீர்கள். விபத்தில்லை, அவன் சாவான் என்று தெரிந்துதான் செய்தேன். ஆனால் அதைச் சொல்ல மட்டும் நான் வரவில்லை. வீட்டில் அந்தக் கடகடச் சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது. கழற்றிய நட்டை ஆற்றில்கூட எறிந்து பார்த்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, சேர். ஆம்ப் உங்கள் ஸ்டேஷனில்தானே இருக்கிறது? கொஞ்சம் எடுத்துத் தாருங்கள். புது நட்டு கொண்டு வந்திருக்கிறேன். ஒழுங்காக இறுக்கி அவனிடமே கொடுத்துவிடுகிறேன்.