அலை கசியாத அறை

உங்கள் அறைக் கதவு சரியாக மூடவில்லை, அம்மா. மேல் கீல் தளர்ந்திருக்கிறது. இரண்டு திருகை மாற்றிப் போட்டால் இந்த உரசல் சத்தம் நின்றுவிடும். தப்பாக நினைக்காதீர்கள். ஐம்பது வருஷம் இரும்போடும் தகரத்தோடும் இருந்தவன். இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார முடியவில்லை.

என் பெயர் அருணாச்சலம். வயது எழுபத்திரண்டு. செல்போன் கோபுரத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் இரும்புப் பெட்டிகள் நிற்குமே, அவற்றைச் செய்வது என் தொழில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பட்டறை. பேட்டை வருவதற்கு முன் அந்த இடம் வயல். என் அப்பா அதில் கூலிக்கு ஏர் ஓட்டினார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. "டேய்" என்றால் அவர் திரும்புவார், தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். இன்று அதே மண்ணில் அவர் பெயர் ஓரடி உயர எழுத்தில் இருக்கிறது. முனுசாமி அண்டு சன். அந்த எழுத்துகளை இரும்பில் வெட்டியவன் நான்.

என் மகன் அன்பு டாக்டர் பட்டம் வாங்கியவன். நம் கையில் இருக்கும் போன் ஐந்தாம் தலைமுறை என்கிறார்கள். அடுத்து வருவது ஆறாவது. அதற்கான ஆன்டெனாவை நம் நாட்டிலேயே வடிவமைக்க வேண்டும் என்று அரசாங்கம் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கியது. பெரிய கல்லூரிகளெல்லாம் கேட்டு நின்ற இடத்தில் அது அன்புக்குக் கிடைத்தது. செய்தித்தாளில் அவன் படத்துக்குக் கீழே பட்டறைப் பெயராக என் அப்பாவின் பெயரைப் போட்டிருந்தார்கள். அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆன்டெனாவைச் சோதிக்க ஓர் அறை வேண்டும். வெளியிலிருக்கும் ரேடியோ அலை உள்ளே வரக் கூடாது. உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாது. வெளிநாட்டில் வாங்க வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். நாலு பக்கமும் இரும்பு. உள்ளே சுவர் முழுக்க முள் முள்ளாகக் கறுப்பு நுரைப் பஞ்சு. அது அலையை விழுங்கும், சத்தத்தையும் விழுங்கும். பஞ்சு ஒட்டிய பிறகு, ஓர் ஆள் நிற்கலாம், உட்காரலாம். படுக்க இடம் இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அந்த வேலைக்கு ஆராய்ச்சி உதவியாளராக வந்தவள் சோனியா. சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. அவள் அப்பன் அந்தோணி ஒரு காலத்தில் என்னோடு தகடு வளைத்தவன். இப்போது காக்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். நம்ம பெண் என்றுதான் நான் அவளைச் சேர்க்கச் சொன்னேன். என்னைத் தாத்தா என்பாள்.

அறை முடிந்த வாரம் வந்து நின்றாள்.

"தாத்தா, உங்க ரூமு ஒழுவுது."

"என் கைவேலை ஒழுகாதும்மா."

"நானா சொல்றேன்? மீட்டரு சொல்லுது. உள்பக்கம் கைப்பிடி போட்டுக்கிறீங்களே, அந்த ஓட்டையில ஒழுவுது. அப்பறம் காத்துக்கு வுட்ட சந்து. போய்ப் பாருங்க, எங்கிட்ட மொறைக்காதீங்க."

பார்த்தேன். அவள் சொன்னது சரி. அன்றே கைப்பிடியை எடுத்துவிட்டு இரண்டு ஓட்டையையும் பற்றவைத்து அடைத்தேன். மீட்டர் முள் அசையவில்லை. சோனியா கை தட்டினாள். பிறகு ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள். உள்ளே ஆள் இருக்கும்போது கதவை மூடக் கூடாது.

"அலைய வுடாம காத்த மட்டும் வுடற சல்லடை ஆர்டர் போட்டுக்கிறோம் தாத்தா. அது வர்ற வரிக்கும் இதான் ரூல்ஸு. உள்ளருந்து தொறக்கவும் முடியாது, மூச்சு வுடவும் முடியாது. உங்களுக்கும் சேத்துதான் சொல்றேன்."

படித்துப் புரிந்துகொண்டேன். எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லப் போவதில்லை.

ஆராய்ச்சி இரண்டு வருஷம் நடந்தது. அந்தச் சல்லடை கடைசிவரை வரவில்லை. அன்புவின் ஆன்டெனா வேலை செய்யவில்லை. மதிப்பீட்டுக் குழு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வந்த கப்பலிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே உள்ளங்கை அளவு ஆன்டெனா போர்டு. அதில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர்.

"அப்பா, இத மட்டும் கொஞ்சம் தேச்சுக் குடுப்பா" என்றான் அன்பு. என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அப்படி நிற்கும் தலையை நான் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். என் வீட்டில் இன்னொரு முறை பார்க்க விருப்பமில்லை. நைஸான உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். இருந்த இடம் தெரியாது. ஆனால் ஓரத்தில், திருகு மாட்டும் பட்டைக்கு அடியில், ஒரு வரிசை எண்ணைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். என் தொழிலில் நான் செய்த பிழை என்றால் அது ஒன்றுதான்.

குழு வரும் நாளில் சோனியா ஒன்பதரைக்கு வந்தாள். அன்பு குழுவை அழைத்துவரப் போயிருந்தான்.

"தாத்தா, அந்த போர்டு நம்ம செஞ்சது இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் பெஞ்சிலிருந்து திருப்புளியை எடுத்தாள்.

"அப்ப செரி. நா இன்னிக்கு கமிட்டிகிட்ட சொல்லிடறேன். அந்த ரிப்போர்ட்டுல எம்பேரும் கீது தாத்தா. எங்கப்பா பேரும் சேத்து."

சம்பளத்துக்கு வேலை செய்கிற இடத்தில் இவளுக்குப் பெயர் எதற்கு என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த எண்ணைக் காட்ட, அறையில் மாட்டியிருந்த போர்டைக் கழற்றிவர உள்ளே போனாள். கையில் திருப்புளி, போன், தண்ணீர் பாட்டில்.

நான் கதவை மூடினேன். நல்ல கதவு. சத்தமே வரவில்லை. ஒட்டியிருந்த தாளையும் கிழித்தேன். செருப்பை எடுத்துப் பெஞ்சுக்கு அடியில் ஜோடியாக வைத்தேன்.

குழுவில் மூன்று பேர். தலைவருக்கு என் வயது இருக்கும், பண்பானவர். அறையைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே இருபத்து நாலு மணி நேரச் சோதனை ஓடுகிறது, திறந்தால் கெட்டுவிடும் என்றேன். அன்பு என்னைப் பார்த்தான். அப்படி ஒரு சோதனை கிடையாது என்று அவனுக்குத் தெரியும். தலைவர் கதவில் உள்ளங்கையை வைத்தார்.

"உள்ள ஏதோ அதிருதே?"

"ஃபேன் சார்."

ஃபேனும் கிடையாது.

அறிக்கையில் ஒரு கணக்கைப் பற்றி சோனியாவிடம் கேட்க வேண்டும் என்றார். லீவில் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். முதல் பக்கத்தில் இருந்த அவள் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று போனுக்குள் ஒரு பெண் சொன்னாள். அந்த நபர் அவரிடமிருந்து நாலடி தூரத்தில் இருந்தாள்.

"எந்த ஊரு?"

"பொதட்டூர்பேட்டை சார்."

"பாருங்க கூத்த. நாம ஆறாவது தலைமுறைக்கு ஆராய்ச்சி பண்றோம், பொதட்டூர்பேட்டைக்கு இன்னும் டவர் வரல."

எல்லோரும் சிரித்தார்கள். அன்பு கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். எனக்கு அந்த நேரத்தில் மனசு நிறைந்தது. என் அறைக்கு அதைவிட நல்ல சோதனையை யாரும் செய்திருக்க முடியாது.

அவர்கள் கிளம்பியதும் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நாலு மணிக்குக் காரில் ஏறும்போது, அடுத்த கட்ட ஆராய்ச்சிக்கான ஒப்பந்தத்தில் மறுநாள் காலை சென்னையில் கையெழுத்து என்றார்கள். நாலு மணிக்குத் திறந்தால் நாலு ஐந்துக்கு அவள் போன் செய்வாள். ஒரு நாள்தானே. தண்ணீர் இருந்தது. என் அப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் வேலைக்குப் போனதுண்டு.

சாயங்காலம் அந்தோணி கூப்பிட்டான்.

"அண்ணே, பொண்ணுக்கு போட்டுக்கினே கீறேன், லைனே போவல. அது அங்கதான் கீதாண்ணே?"

"வேலையில இருக்குப்பா. நான் பாத்துக்கறேன்."

"நீ சொன்னா செரிண்ணே. வந்தா ஒரு குரல் பேசச் சொல்லு."

நான் ஒரு தடவை சொன்னதை யாரும் மறுபடி கேட்பதில்லை. இந்த வட்டாரத்தில் எங்கள் வார்த்தைக்கு இருக்கும் மரியாதை அது.

அன்பு வீட்டுக்குக் கிளம்பும்போது அறைக்கு முன்னால் நின்றான். தாள் ஒட்டியிருந்த இடத்தில் நாலு மூலையிலும் பெயின்ட் உரிந்திருந்தது.

"சோனியா ஊருக்கா போயிருக்குப்பா?"

"ஆமா."

பெஞ்சுக்கு அடியில் செருப்பு இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் ஷூவைப் போட்டுக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தான்.

மறுநாள் பத்தரைக்குக் கையெழுத்து முடிந்தது என்று சென்னையிலிருந்து சொன்னான். பதினொன்றுக்கு நான் கதவைத் திறந்தேன். அவள் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். கதவோடு சேர்ந்து என் காலில் வந்து விழுந்தாள். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. கழற்றிய திருகுகளைத் தொலையாமல் பாட்டில் மூடியில் போட்டு வைத்திருந்தாள். போர்டைத் துப்பட்டாவில் முடிந்து வைத்திருந்தாள். காற்றுச் சந்து இருந்த இடத்தில் பஞ்சைப் பிய்த்து, நான் அடைத்த தகட்டைத் திருப்புளியால் குத்தியிருந்தாள். கைப்பிடி இருந்த இடத்தையும். இரண்டிலும் ஊசி முனை அளவுகூடத் துளை விழவில்லை.

உங்கள் ஸ்டேஷனுக்கு போன் செய்தது நான்தான். ஓடி ஒளிவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. அவள் உள்ளே இருப்பது தெரிந்தே மூடினேன். தெரிந்தே இருபத்தைந்து மணி நேரம் மூடி வைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். போர்டைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிடுங்கள். அது உங்கள் காதுக்குச் சொன்னது. முனுசாமி அண்டு சன் என்றும் போட வேண்டாம். ஒரு பட்டறை என்றால் போதும். அன்புவுக்கு எதுவும் தெரியாது. இதை இரண்டு தடவை எழுதினாலும் சரி.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா, ஊரில் தாறுமாறாகப் பேசுகிறார்கள். நான் யாரையும் பூட்டி வைக்கவில்லை. அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம்.