மாமாவுக்குப் பைபிள் வாசித்த கதை

ஹலோ... ஹலோ... கொழும்போ?... அன்ரி, நிரோசினியை ஒருக்காக் கூப்பிடுறியளே... வவுனியாவிலையிருந்து வாகீசன்... ஓம், வாகீசன்... ஓம் அன்ரி, அவவைக் கட்டப்போற ஆள்தான்... இப்பவும் கட்டப்போறன் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்... ஓம், நிக்கிறன்...

ஆ, நிரோ... ஓம், நான்தான்... ஓம்... ஓம்... கடிதம் கிடைச்சுது... ரெண்டு தரம் வாசிச்சனான்... இல்லை, பகிடி இல்லை... கத்தாதை, நான் நிக்கிறது கொமினிகேசன் கடை. பின்னாலை பத்துப்பேர் வரிசையிலை நிக்கினம். போனுக்குக் கதவு இருக்கு, உன்ரை குரலுக்கு இல்லை...

கொம்மா எழுதினவாவோ?... கிறேஸ் மாமி எழுதினா எண்டா நாலு பக்கமாவது இருக்கும்... என்னவாம்?... ‘நீ சைவப் பெடியனை வேதத்துக்கு மாத்த அனுப்பினாய், அவன் உன்ரை அப்பாவைச் சைவமாக்கிப்போட்டான்’... அப்பிடியோ எழுதினவா? நல்லா எழுதுறா...

நான் ஒருத்தரையும் ஒண்டுமாக்கேல்லை நிரோ. வாசிச்சனான். அவ்வளவுதான்.

ஓம்... ஓம்... மாமா மூண்டு ஞாயிறு கோயிலுக்குப் போகேல்லை, அது உண்மை... உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச கையோடை எங்கடை கலியாணம், அதுவும் உண்மை... அப்பா கோயில் வாசல் மிதிக்காட்டி நீயும் மிதிக்கமாட்டாய்... கலியாணம் இல்லை... தெரியும் நிரோ, கடிதத்திலை அடிக்கோடு போட்டு எழுதினனீ. போனிலையும் அடிக்கோடு போடவேணுமே?

முதலிலை இருந்து சொல்லுறன். குறுக்காலை வராதை... சரி, வா.

பாதர் என்ன சொன்னவர்? நீயும் பக்கத்திலை நிண்டனீதானே. ‘தம்பி, ஞானஸ்நானம் எண்டது பேர் மாத்துற அலுவல் இல்லை. வாசி. வாசிக்க வாசிக்க விசுவாசம் வரும்’ எண்டவர். நான் வாசிச்சனான். ஏ.எல். சோதினைக்கு வாசிச்ச மாதிரி, முதல் பக்கத்திலை துவங்கி, கொப்பியிலை குறிப்பும் எடுத்து. சனிக்குச் சனி பாதர் கேப்பார், ‘வந்ததோ தம்பி?’ ‘இன்னும் இல்லை பாதர், நோவா வந்திட்டார்.’ அடுத்த சனி, ‘வந்ததோ?’ ‘மோசே வந்திட்டார் பாதர்...’ பாதர் சிரிக்கேல்லை. நானும் சிரிக்கேல்லை... பஸ்ஸுக்கு நிக்கிறவனைக் கேக்கிற மாதிரிக் கேட்டா நான் வேறை என்ன சொல்லுறது?

முயற்சி காணாதோ?... நிரோ, எங்கடை அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறா, எனக்குக் கெதியா விசுவாசம் வரவேணும் எண்டு. நூற்றெட்டு மோதகம். இதுக்கு மேலை ஒரு குடும்பம் என்ன செய்யும்?

மாமா எப்பிடி இதுக்குள்ளை வந்தவர் எண்டோ?... அவராத்தான் வந்தவர். நான் அகதி முகாமிலை பள்ளிக்கூட வாங்கிலை இருந்து வாசிக்கிறன், இவர் வந்து பக்கத்திலை இருக்கிறார். ‘சத்தமா வாசி தம்பி, என்ரை கண்ணுக்கு எழுத்து ஓடுது, நானும் கேக்கிறன்.’ நான் சந்தோசப்பட்டனான். மாமனாரோடை பழகக் கிடைச்சுது எண்டு.

யோசிச்சுப்பார், அந்தப் பைபிள் உங்கடை பைபிள்தானே. முல்லைத்தீவிலையிருந்து வெளிக்கிடேக்கை வள்ளத்து எஞ்சினை விட்டிட்டு, வலையை விட்டிட்டு, அதை மட்டும் பொலித்தீன் பையிலை சுத்திக் கொண்டந்தவர். நாப்பது வரியமா உங்கடை வீட்டிலை மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலை இருந்த புத்தகம். பூ வைச்சனீங்கள். மெழுகுதிரி கொளுத்தினனீங்கள். ஆராவது திறந்தனீங்களோ?... திறந்தனீங்களோ எண்டு கேட்டனான்... பூசையிலை வாசிக்கிறது துண்டு துண்டாத்தானே. முழுக்க, ஒரு பக்கமும் விடாமக் கேட்டது மாமா இதுதான் முதல் தரம். நானும் ஒரு பக்கமும் விடாம வாசிச்சனான். அதுதான் பிழை. அனுபவம் உள்ளவை விட்டு விட்டுத்தான் வாசிக்கிறவையாம், பாதர் பிறகுதான் சொன்னவர்.

பொறுங்கோ, பொறுங்கோ... இல்லை, உன்னை இல்லை. கண்ணாடியிலை ஆரோ தட்டுகினம். கடைக்காரப் பாஹிம் நானா கதவு முழுக்க விளம்பரம் ஒட்டி வைச்சிருக்கிறார், கை மட்டும்தான் தெரியுது.

இறால் கதையோ? அதையும் எழுதிப்போட்டாவோ?... லேவியராகமம் நிரோ. செட்டையும் செதிளும் இல்லாதது தண்ணியிலை கிடந்தாலும் தின்னக்கூடாது எண்டு கிடக்கு. மாமா ‘திருப்பி வாசி’ எண்டார். வாசிச்சன். ‘இறாலுக்குச் செதிள் இல்லையே’ எண்டார். இல்லை மாமா. ‘நண்டுக்கு?’ இல்லை. ‘கணவாய்க்கு?’... ‘திருக்கைக்கு?’... முழுக் கடலையும் ஒண்டொண்டாக் கேட்டவர். நந்திக்கடலிலை இறால் பிடிச்சு உன்னையும் உன்ரை அண்ணாவையும் வளத்த மனிசன். நான் என்ன செய்ய, எழுதிக் கிடக்கிறதைத்தானே வாசிக்கலாம்.

அண்டைக்கெண்டு பாத்து மாமி எங்கையோ தேடி இறால் வாங்கிக் கறி வைச்சிருக்கிறா... ஓம், சட்டியோடை. சட்டியோடை கொண்டுபோய்ப் பக்கத்திலை வீரகத்தி அண்ணைக்குக் குடுத்திட்டார்... வீரகத்தி அண்ணை சைவம்தான். வெள்ளிக்கிழமை இல்லைத்தானே, சாப்பிட்டவர்.

இப்ப பாஹிம் நானா மேசையிலையிருந்து சொல்லுறார், அவையின்ரை மார்க்கத்திலை இறால் பறவாயில்லையாம்... ஓம் நானா, மாமாட்டையும் சொன்னனான். ஒருநாள் முழுக்க அதையும் யோசிச்சவர்...

நிரோ, நிரோ, வைக்காதை! பகிடி முடிஞ்சுது. அந்தப் பிரச்சினையைப் பாதர் மாமாவைக் கூப்பிட்டுத் தீத்து வைச்சவர். ‘ஞானப்பிரகாசம், அது அந்தக் காலத்துச் சட்டம், எங்களுக்கு இல்லை’ எண்டவர். மாமா அடுத்த நாளே இறால் சாப்பிட்டவர். இறாலாலை அவர் கோயிலை விடேல்லை.

அப்ப எதாலை எண்டோ...

யோபு.

ஓம், யோபு... கதை உனக்குத் தெரியும்தானே. நல்ல மனிசன். ஆடு, மாடு, ஒட்டகம், பத்துப் பிள்ளையள். எல்லாம் ஒரே நாளிலை போட்டுது. அதுக்குப் பிறகு அந்த மனிசன் சாம்பலிலை இருந்து கேக்கிறான், ஏன், ஏன் எண்டு... மாமா அசையேல்லை நிரோ. நாலு மணிக்கு ஒரு நிமிசம் பிந்தாம வருவார். யோபு கேக்கக் கேக்க இவருக்கு முகம் தெளியுது. ‘இவன் நல்லாக் கேக்கிறான், கேக்கட்டும்’ எண்டுவார். இழுக்காமலே பீடி கையிலை நூந்து போகும்.

கடைசியிலை எல்லாம் ரெண்டு மடங்காத் திருப்பிக் குடுபட்டுது. ஆடு ரெண்டு மடங்கு. மாடு ரெண்டு மடங்கு. புதுசாப் பத்துப் பிள்ளையள். நான் நல்ல முடிவு எண்டு சந்தோசமா வாசிச்சுப்போட்டு நிமிந்தன்.

மாமா கேட்டார், ‘பழசுகள்?’

...

ஓம்... ஓம், யூட்டைத்தான் நினைச்சவர். வேறை ஆரை... அழாதை நிரோ. உன்ரை அண்ணா கடலுக்குப் போய் வள்ளம் மட்டும் திரும்பி வந்து நாலு வரியம். இந்த நாலு வரியமும் அவர் ஒரு கேள்வி கேட்டவரோ? மாமிதான் கத்தினவா, நீதான் அழுதனீ. அவர் வலை பின்னினவர். அண்டைக்குத்தான் கேட்டவர்...

இன்னும் இருக்கு. புதுசாப் பிறந்த மூண்டு பெட்டையளுக்கும் பேர் போட்டிருக்கு. வடிவான பெட்டையள் எண்டும் கிடக்கு. முதல் பத்துக்கும் ஒரு பேரும் இல்லை. அதை நான் பிடிக்கேல்லை. குறிப்பெடுத்தவன் நான், பிடிச்சவர் மாமா. ‘என்ரை பெடியனுக்குப் பேர் இருக்குத் தம்பி’ எண்டார். எழும்பிப் போட்டார். அந்த ஞாயிறிலையிருந்து கோயில் இல்லை.

நான் என்ன சொன்னனானோ?... நானோ?... அதை விடு... இல்லை, ஒண்டும் மறைக்கேல்லை... சரி. நான் ஒரு வேலை செய்துபோட்டன். பின்னாலை ஓடிப்போய், ‘மாமா, இதுக்குப் பதில் பின்னாலை வருது’ எண்டு சொல்லிப்போட்டன்... எங்கை வருது எண்டா எனக்கென்ன தெரியும்? முன்னுக்கு வாசிச்சிருந்தாத்தானே! சோதினை மண்டபத்திலை தெரியாத கேள்விக்கு எழுதுற மாதிரி வாய் எழுதிப்போட்டுது...

அதுக்குப் பிறகு திரும்பவும் நாலு மணிக்கு வரத் துவங்கினவர். கோயிலுக்கு இல்லை, என்னட்டை. வந்து வாங்கிலை இருந்து கேக்கிறார், ‘வந்ததோ?’ ‘இன்னும் இல்லை மாமா.’ ‘சரி, வாசி.’ சனிக்கிழமை பாதர் என்னைக் கேக்கிறார் வந்ததோ எண்டு, மற்ற ஆறு நாளும் மாமா கேக்கிறார் வந்ததோ எண்டு. எனக்கு நித்திரை இல்லை, நிரோ. அவர் வர முதல் நான் தனிய முன்னுக்கு ஓடி ஓடித் தேடுறன். சாப்பாட்டு வரிசையிலை நிண்டும் தேடுறன். புத்தகம் மெலிஞ்சுகொண்டு வருது... யேசுவின்ரை உயிர்ப்பு இருக்குத்தான். அது அவருக்கும் தெரியும், கேட்டுக் கேட்டு வளந்த மனிசன். அவர் கேக்கிறது அதில்லை...

உண்மையைச் சொல்லவோ? ஆர், நானோ?... பதில் இல்லை மாமா, நான் புழுகினனான் எண்டு?... விசர்க்கதை கதையாதை. சொன்னா மனிசன் முழுக்க விட்டிடுவார். அவர் விட்டா நீ என்னை விட்டிடுவாய். நான் புத்தகமும் கையுமா...

ஐயோ, ஆர் இது, பொறுங்கோ எண்டெல்லோ...

நிரோ.

உன்ரை அப்பா... ஓம், உங்கடை அப்பாதான். கதவைத் திறந்தா பொலித்தீன் பையோடை நிக்கிறார். இவ்வளவு நேரமும் தட்டினது இவர்தான். நாலரை ஆச்சுதாம்.

மாமா, லைனிலை நிரோசினி, கதைக்கிறியளே?... பிறகு கதைக்கிறாராம்... இப்பவோ? வரிசையிலை நிக்கிற சனத்துக்கு முன்னாலையோ?... பாஹிம் நானா ரேடியோவைக் குறைச்சுப்போட்டார், எல்லாரும் கேக்கப்போகினம்... சரி. சரி. போனை வைக்காதை.

மாமா... அண்டைக்குப் பின்னாலை வருது எண்டு சொன்னனான்தானே... அது... எனக்குத் தெரியாமல் சொன்னனான் மாமா. புழுகினனான். அது வராது போலை கிடக்கு.

...

என்ன மாமா?...

நிரோ, நிக்கிறியோ?... தெரியுமாம்... ஓம், தெரியுமாம்! அடுத்த நாளே பாதரிட்டைப் போய்க் கேட்டவராம். பாதர், ‘எனக்கும் தெரியாது ஞானப்பிரகாசம்’ எண்டவராம். நல்ல பாதர் எண்டுறார்... அப்ப ஏன் மாமா ஒவ்வொரு நாளும் வந்து வந்ததோ, வந்ததோ எண்டு என்ரை உயிரை வாங்கினனீங்கள்?...

நிரோ, சிரிக்காதை. அவர் கேட்டது பதில் வந்ததோ எண்டு இல்லையாம். எனக்கு விசுவாசம் வந்ததோ எண்டாம். தான் வராட்டி நான் பாதியிலை நிப்பாட்டிப்போடுவனாம். ‘என்ரை கோவம் என்ரை, அதுக்காக என்ரை பிள்ளையின்ரை கலியாணம் நிக்கலாமே’ எண்டுறார்...

ஓம், கேக்கிறன். மாமா, கலியாணத்துக்குக் கோயிலுக்கு வருவியளோ எண்டு கேக்கிறா...

வருவாராம்!... ஓம், வருவாராம் நிரோ! உன்ரை கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வருவாராம்... பொறு, பொறு, இன்னும் முடிக்கேல்லை... பிறகு போய்க் கடைசி வரிசை வாங்கிலை இருப்பாராம். ஆனா கதைக்கமாட்டாராம்... உன்னோடை இல்லை. என்னோடையும் இல்லை... அவரோடை. மேலை கையைக் காட்டுறார்... ‘என்ரை தம்பி பதினொரு வரியமா என்னோடை கதை இல்லை. என்ரை வீட்டு விசேசத்துக்கு வரேல்லையே? வந்தான், சாப்பிட்டான், போனான். அப்பிடித்தான்’ எண்டுறார்... யூட்டுக்கு ஒரு மறுமொழி சொல்லட்டாம், அண்டைக்குக் கதைப்பாராம்...

ஓம்... ஓம்... அழு, பறவாயில்லை...

எனக்கோ? எனக்கு வந்ததோ எண்டோ?... நீயுமே நிரோ?... தெரியாது. உண்மையாத் தெரியாது. ஆனா இப்ப கொஞ்ச நாளா ஒரு விசயம்... முந்தி வாசிக்கேக்கை எனக்குச் சிரிப்புத்தான் வரும். இப்ப அந்தப் பழைய பத்தையும் நினைச்சா, யூட்டை நினைச்சா, எனக்கும் கோவம் வருது. நல்லாக் கோவம் வருது. ஆரிலை எண்டுதான்... ஹலோ?... ஹலோ?... நிரோ?...

பாஹிம் நானா, லைன் அறுந்து போட்டுது... இல்லை, விடுங்கோ, மற்றவை நிக்கினம். நாளைக்கு எடுக்கிறன்...

வாறன் மாமா. தாங்கோ பையை... என்ன?... இன்னும் இல்லை மாமா. எசேக்கியேல் வந்திட்டார்.