இரண்டு நூறு வாட் பல்புகள்

பழைய பிக்கப் வண்டிகளில் எனக்குப் பிடித்த விஷயம், பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும். இப்போது வரும் வண்டிகளில் ஒரு பல்பு மாற்றப் பாதி முகப்பைக் கழற்ற வேண்டியிருக்கிறது. என் தங்கை வீட்டுக்காரரின் பிக்கப்புக்கு வயது இருபத்தாறு. பேட்டரிக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவில் முழங்கை வரை தாராளமாகப் போகும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை ஐயா. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் சொல்கிறேன்.

நான் வாகன எலக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருடமாக ஒரே ஷெட். மற்றவர்கள் கைவிட்ட வண்டிகள் என்னிடம் வரும். "டாக்டர்கிட்ட காட்டிட்டு வா" என்று மெக்கானிக்குகளே அனுப்பிவைப்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது.

மாப்பிள்ளை அந்த வண்டியில் பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி ஏற்றிப் போவார். விடியும் முன்பே கிளம்ப வேண்டும். இரண்டு வருடம் முன்பு, வெளிச்சம் போதவில்லை என்றார். நான் இரண்டு பக்கமும் நூறு வாட் பல்பு மாட்டிக் கொடுத்தேன். வண்டியோடு வந்தது அறுபது. அந்தக் காலத்து வண்டிகளில் ஹெட்லைட்டுக்கான மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகத்தான் போகும். பெரிய பல்பு போட்டால் ஒரு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்விட்ச் சூடேறும். அதற்குள் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. சூடு மீறினால் வளைந்து இணைப்பை விட்டுவிடும். ஆறியதும் பழையபடி ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? அன்று கையில் ரிலே இல்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். தங்கை வீட்டு வண்டிதானே என்ற அலட்சியம். பிறகு மறந்தும் போனேன்.

சில மாதம் கழித்து மாப்பிள்ளை வந்து நின்றார்.

"மச்சான், என் வண்டி லைட்டும் உங்க தங்கச்சி மாதிரி ஆயிடுச்சு. திடீர்னு மூஞ்சியத் திருப்பிக்குது. கொஞ்ச நேரம் பேசாம இருந்தா தானா சரியாயிடுது."

கிளம்பிக் கால் மணி நேரம் நன்றாக எரிகிறதாம். பிறகு இரண்டும் ஒன்றாக அணைகின்றனவாம். ஒரு நிமிடத்தில் தானாக வந்துவிடுகின்றனவாம். பின் விளக்கும் மீட்டர் விளக்கும் அணைவதில்லை. கேட்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. வண்டியைத் தொடக்கூடத் தேவை இருக்கவில்லை.

ஷெட்டில் இரண்டு மெக்கானிக்குகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என் வேலையில்தான் கோளாறு என்று அவர்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. "எர்த் சரியில்ல மாப்பிள்ளை" என்றேன். பாடியில் முடுக்கியிருந்த எர்த் ஒயரைக் கழற்றி, அழுக்கைச் சுரண்டி, மறுபடி முடுக்கினேன். லைட்டைப் போட்டு இரண்டு நிமிடம் எரியவிட்டுக் காட்டினேன். கால் மணி நேரம் விட்டால் அணையும் என்று தெரிந்தேதான் இரண்டு நிமிடத்தில் நிறுத்தினேன்.

வண்டி தனியாகக் கிடைத்தால் சத்தமில்லாமல் ரிலே வைத்துவிடலாம் என்று இருந்தேன். ஆனால் அவர் வண்டியை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. பக்கத்திலேயே நின்று, இது எதுக்கு, அது எதுக்கு என்று குடைவார். இரண்டாம் முறை வந்தபோது ஸ்விட்சைப் புதிதாக மாற்றினேன். மூன்று வாரம் தாங்கியது. மூன்றாம் முறை, "வேற யார்கிட்டயாவது ஒரு தடவ காட்டட்டுமா மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். என் மேல் நம்பிக்கை இல்லையென்றால் தாராளமாகப் போகலாம் என்றேன். அன்று மாலையே தங்கையிடமும் வருத்தப்பட்டேன். அவள் அவரை என்ன சொன்னாள் என்று தெரியாது. அதன் பிறகு அவர் லைட்டைப் பற்றி என்னிடம் பேசவில்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

போன பனிக்காலத்தில், விடியற்காலை ஐந்தேகாலுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. "மச்சான், பாலத்து வளைவுல லைட்டு போயிடுச்சு. ஒரு அம்மாவ இடிச்சுட்டேன்" என்றார். பல் தந்தியடிப்பது போனிலேயே கேட்டது. ஆம்புலன்ஸ் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, வர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். என் வீட்டிலிருந்து அந்த வளைவு ஐந்து நிமிடம். காரில் ஏறும் முன் கருவிப் பெட்டியைத் திறந்து, அறுபது வாட் பல்பு இரண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் போனபோது பிக்கப்பின் இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. ஸ்விட்ச் ஆறிவிட்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அந்த அம்மா ரோட்டோரமாகக் கிடந்தார். மருத்துவமனையில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர், முதல் பஸ்ஸைப் பிடிக்க நடந்து போயிருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

"உங்க கார்லயே தூக்கிட்டுப் போயிடலாம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"அடிபட்டவங்கள அசைக்கக் கூடாது. நீங்க மெயின் ரோட்டு முனையில போய் நில்லுங்க. பனியில ஆம்புலன்ஸ்காரருக்கு வழி தெரியாது. நான் பாத்துக்கறேன்."

அவர் ஓடினார். நான் சொன்னால் எப்போதும் கேட்பார். அவர் தலை மறைந்ததும் ஸ்விட்சை அணைத்து, பானெட்டைத் தூக்கி, பல்புகளைக் கழற்றினேன். சூட்டில் விரல் கொப்புளம் போட்டுவிட்டது. அறுபது வாட் பல்புகளை மாட்டினேன். ஸ்விட்சைத் திரும்பப் போடவில்லை. மறதி என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மிச்சம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. ஸ்விட்ச் அணைந்திருந்ததாக உங்கள் ஆட்கள் எழுதினார்கள். லைட் தானாகப் போய்விட்டது என்று மாப்பிள்ளை சொன்னதால், வண்டியைச் சோதித்தார்கள். பராமரித்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். "அரை மணி நேரம் எரிய விட்டுப் பாருங்க" என்று யோசனை சொன்னவனே நான்தான். சின்ன பல்புக்கு அந்த ஸ்விட்ச் நாள் முழுக்கத் தாங்கும். துளிகூட மங்காமல் எரிந்தது. லைட்டே போடாமல் ஓட்டிவிட்டுப் பொய் சொல்கிறார் என்று முடிவானது. மூன்று வருடம் சிறை என்று தீர்ப்பு. கோர்ட்டில் அவர் என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க மச்சான்" என்றார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று தங்கை ஷெட்டுக்கு வந்தாள். இனி அவரைப் பார்க்கப் போகப்போவதில்லை என்றாள். பிள்ளைகளையும் அனுப்பமாட்டாளாம்.

"தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேண்ணே. லைட்டு தானா போச்சுன்னு இன்னும் அதையே சொல்றாரு. பொய் சொல்றவரோட எப்படி வாழறது? நீயே சொல்லு, அப்படி நடக்குமா?"

"நடக்காதும்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீ இருக்கிறதுதான் எனக்கு ஆறுதல் என்றாள். அவள் போன பிறகு ஷெட்டை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

இதோ, அந்த இரண்டு நூறு வாட் பல்புகளையும் மேசை மேல் வைத்துவிட்டேன். அவரை விட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த அம்மாவுக்கு நினைவே இல்லை என்று முன்பு எழுதிக் கொடுத்திருந்தேன். நினைவு இருந்தது. முதல் பல்பை மாட்டி முடித்தபோது கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் கையப் பிடிச்சுக்கங்க, குளிருது" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். என் கார் பத்தடியில் நின்றது. மருத்துவமனை பன்னிரண்டு நிமிடம். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதும் உங்கள் கோப்பில் இருக்கும்.

"ஒரு நிமிஷம்மா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போனேன். ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை ஐயா. உண்மையிலேயே அது ஒரு நிமிட வேலைதான். வலது பக்கத்துப் பல்பைப் பிடித்திருக்கும் கிளிப் மட்டும் துருப்பிடித்து இறுகாமல் இருந்திருந்தால், கட்டாயம் போய்ப் பிடித்திருப்பேன்.