இருபதுக்குக் கீழ ஓடாது

இல்ல அத்தை, நான் கோபத்துல செஞ்சேன்னு உங்க பையன் சொல்லியிருந்தா அது பொய். கோபத்துல செய்யறதா இருந்தா எப்பவோ செஞ்சிருப்பேன். நான் நல்லாத் தூங்கி எழுந்து, குளிச்சு, தலை துவட்டி, டீயும் குடிச்சிட்டு நிதானமா உக்காந்து செஞ்சேன். முதல்ல அந்தக் காலைத் தூக்கி இந்த ஸ்டூல் மேல வைங்க. முட்டி எப்படி வீங்கியிருக்கு பாருங்க. மூணு மாடி, லிஃப்ட் வேற ரிப்பேரு. ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? சரி சரி, பண்ணியிருந்தா நான் எடுத்திருக்க மாட்டேன். அது உண்மைதான்.

சர்க்கரை போடல. இப்பவும் கூடாதுன்னுதானே டாக்டர் சொல்றார்? பிஸ்கட் எடுத்துக்கோங்க. ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது.

என்ன சொல்லி அனுப்பினார்? கம்பெனியை நான் இழுத்து மூடப் போறேன்னா? இத்தனை பேர் பொழப்புல மண்ணைப் போடறான்னா? என்ன, உங்க பையன் உங்க பையன்னே சொல்றேனா? வேற எப்படிச் சொல்றது அத்தை, எனக்கு இப்போ அவர் வேற எதுவும் இல்லையே.

அது இருக்கட்டும், இது என்ன விஷயம்னு உங்களுக்கு விளக்கமாச் சொன்னாரா? அதானே. உனக்குப் புரியாதும்மா, நீ போய்க் கேளு, அவ உன் பேச்சைத் தட்ட மாட்டா. அவ்வளவுதான் சொல்லியிருப்பார். நான் சொல்றேன். உங்களுக்கு நல்லாப் புரியும்.

அந்த நீலக் கலர் போன் வச்சிருந்தீங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு நாள் காலையில பேங்க் ஆப் திறக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. என்கிட்டதான் தூக்கிட்டு வந்தீங்க. உங்க போன் பழசு, இதுல இனிமே ஓடாதுன்னு போட்டிருந்துச்சு. நீங்க அந்த பேங்க்காரனைத் திட்டின திட்டு இருக்கே, அப்பப்பா. அதேதான் இதுவும். இப்போ பேங்க்காரன் இடத்துல நான் இருக்கேன். பழைய போன் வச்சிருக்கிறவர் உங்க பையன்.

கல்யாணமான புதுசுல நானும் அவரும் சேர்ந்து ஒரு டூல் செஞ்சோம். சாஃப்ட்வேர் எழுதுறவங்க உபயோகிக்கிற டூல். அவங்க துண்டு துண்டா எழுதி வச்சிருக்கிறதை எடுத்து, தப்பு இருக்கான்னு பாத்து, ஒண்ணாக் கட்டி, போக வேண்டிய மிஷினுக்கு அனுப்பும். இலவசம். யார் வேணா எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், தனக்குத் தோதா மாத்திக்கலாம். ஆனா அது தானா ஓடாது, அடியில ஒரு என்ஜின் வேணும். ரன்டைம்னு சொல்வாங்க. அதுக்கு நம்பர் உண்டு. பதினாலு, பதினாறு, பதினெட்டு, இருபதுன்னு ஏறிட்டே போகும். இத்தனை நாளா எங்க டூல் பதினாலுல கூட ஓடிச்சு. இப்போ குறைஞ்சது இருபது இருக்கணும்னு ஆக்கிட்டேன். ஒரே ஒரு வரி. பதினாலுன்னு இருந்ததை அழிச்சு இருபதுன்னு போட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் உங்களை மாடி ஏற விட்டிருக்கார்.

ஏன்னா அவர் கம்பெனில எல்லாமே பதினாலு. கடை கடையா பில் போடுற பெட்டி வச்சிருக்காங்களே, அதுக்குள்ள போறது எல்லாம் பதினாலுல கட்டினது. ஏத்துங்க ஏத்துங்கன்னு அந்த வீட்ல இருந்தப்பவே தொண்டை தண்ணி வத்தக் கத்தினேன். ஓடிட்டு இருக்கிறதை எதுக்கு நோண்டுறேன்னு கேப்பார். பதினாலைச் செஞ்சவங்களே அதைக் கைகழுவி வருஷக்கணக்காச்சு அத்தை. ஆனா இவருக்கு ஓடிச்சு. எப்படி ஓடிச்சு? நான் ஓட வச்சேன். ஒவ்வொரு வேலையையும் ரெண்டு தடவை செய்வேன். புதுசுக்கு நேர் வழி, பதினாலுக்கு ஒரு சுத்து வழி. எங்க இடிக்குதுன்னு பாத்துப் பாத்து அடிச்சு, ஒட்டி, தட்டிக் குடுத்து. பிரிஞ்சு வந்த பிறகும் அதையே செஞ்சிட்டிருந்தேன்னா பாத்துக்கோங்க. அவங்க வீட்டு வாசலை இங்க இருந்து போய்த் தினம் பெருக்கிட்டு வர்ற மாதிரி. பழக்கம், வேற என்ன.

இதுக்கு நடுவுல அந்த டூல்ல ஒரு ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சுது. எங்கேயோ படிக்கிற ஒரு பொண்ணு கண்டுபிடிச்சு எனக்கு எழுதினா. வெளியாள் யாராவது அந்த ஓட்டை வழியா நுழைஞ்சு, நாம கட்டுற மூட்டைக்குள்ள அவன் சாமானையும் சேர்த்து வச்சுடலாம். அதை அடைச்சேன். அடைச்சது இருபதுக்கு மட்டும். பழசுல ஓட்டை இன்னும் வாயைப் பொளந்துட்டு இருக்கு. கடைக்காரங்க சும்மா இருப்பாங்களா? எப்போ அடைக்கப் போறேன்னு உங்க பையன் கழுத்துல உக்காந்திருக்காங்க.

திடீர்னு செஞ்சேன்னா சொன்னார்? நல்ல கதை. ஒரு வருஷம் முன்னாடியே டூலோட பொதுப் பக்கத்துல, எல்லாரும் பாக்குற மாதிரி எழுதிப் போட்டாச்சு. பதினாலை நிறுத்தப் போறேன், ஏறிக்கோங்கன்னு. உலகம் பூரா ஏறிக்கிச்சு. உங்க பையன் அதுக்குக் கீழ ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டுட்டுப் போனார். இவ எங்க நிறுத்தப் போறா, இவளால முடியுமான்னு. ரெண்டாவது தடவை எழுதினேன். அதுக்கும் அதே பொம்மை. அந்தப் பொம்மையைப் பாத்தப்பதான் முடிவு பண்ணேன், தேதி ஒரு நாள் கூடத் தள்ளக்கூடாதுன்னு.

குடிங்க, ஆறுது.

சரி, இதுல ஒண்ணு கேக்குறேன். நான் பூட்டா போட்டிருக்கேன்? எல்லாமே திறந்து கிடக்கு. பழசை எடுத்து, அந்த ஓட்டையை அவரே அடைச்சுக்கட்டுமே. எழுதின ஆளுக்கு ரெண்டு நாள் வேலை. அவர்தானே எழுதினார்?

உங்களுக்கு அந்த விழா ஞாபகம் இருக்கும். கம்பெனி ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் ஆச்சுன்னு பெரிய ஹால் எடுத்துச் செஞ்சாங்களே. நீங்க பச்சைப் புடவை. நான் உங்க பக்கத்துல, ரெண்டாவது வரிசை. மேடையில ஒருத்தர் கேட்டார், இந்த டூலை யார் யார் சேர்ந்து எழுதினீங்கன்னு. ஒவ்வொரு வரியும் நான்தான்னார். அதோட விட்டாரா? என் மனைவி அப்பப்போ ஸ்பெல்லிங் பாத்துக் குடுப்பாங்கன்னார். ஹாலே சிரிச்சுது. நீங்களும் சிரிச்சீங்க அத்தை. என் தொடையில செல்லமா ஒரு தட்டு வேற தட்டினீங்க. பரவாயில்ல, உங்களுக்கு என்ன தெரியும். ஆனா அவருக்குத் தெரியும். அதுல பாதிக்கு மேல நான் எழுதினது. நடுவுல ஒரு பகுதி இருக்கு, மொத்த டூலும் அதுமேலதான் நிக்குது. நாங்க அதுக்கு அடுப்படின்னு பேர் வச்சிருந்தோம். அதுல அவர் கை படவே இல்ல. ஓட்டை இருக்கிறது சரியா அங்கதான்.

போன மாசம் அவர் கம்பெனிப் பையன் ஒருத்தன், பாவம், அந்தப் பொதுப் பக்கத்துல வந்து கேட்டான். இந்தப் பகுதி எங்களுக்குத் தலையும் புரியல வாலும் புரியல, யாராவது விளக்க முடியுமான்னு. நான் ரொம்ப மரியாதையாப் பதில் போட்டேன். ஒவ்வொரு வரியும் உங்க முதலாளி எழுதினதா அவரே மேடையில சொல்லியிருக்கார், அவரைக் கேளுங்கன்னு. அவ்வளவுதான் அத்தை. ஒரு வார்த்தை தப்பா இல்ல. எத்தனை பேர் வந்து சிரிச்சிட்டுப் போனாங்க தெரியுமா! முன்பின் தெரியாதவங்க எல்லாம். நான் அந்தப் பக்கத்தை மூடிட்டு, மூடிட்டு, திரும்பத் திறந்து பாத்தேன். பொய் சொல்வானேன், இனிச்சுது.

அந்தப் பசங்களை நினைச்சுதான் பாவமா இருக்குன்னு சொல்றீங்களா? எனக்கும்தான். ஆனா ஏத்திடலாம் சார்னு அவர்கிட்ட தலைகீழா நின்னு தண்ணி குடிச்சவங்க அவங்கதான். அவங்களுக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும். கிடைக்காத ஆள் ஒருத்தர்தான் அங்க.

டூல் என் கைக்கு எப்படி வந்துச்சுன்னா கேக்குறீங்க? அதை உங்களுக்குச் சொல்லலையா! வக்கீல் ஆபீஸ்ல. எனக்கு வீடு வேணாம், கார் வேணாம், கம்பெனில பங்கு வேணாம், அந்த டூலை என் பேர்ல எழுதிக் குடுங்கன்னேன். ரெண்டு வக்கீலும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தாங்க. உங்க பையன் சிரிச்சே சிரிச்சார். சும்மா குடுக்கிற சாமான், அதுல என்ன இருக்கு, தினம் நாலு பேர் வந்து திட்டிட்டுப் போவான், தாராளமா எடுத்துக்கட்டும்னார். மூடியைக் கழட்டி அவரே பேனாவை என் பக்கம் நீட்டினார். தான் உக்காந்திருக்கிற நாற்காலியோட காலைத்தான் எழுதிக் குடுக்குறோம்னு தெரியல. நானும் எடுத்துச் சொல்லல. கையெழுத்தைப் போட்டுட்டு நன்றின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இருங்க, மழை வர்ற மாதிரி இருக்கு. துணியை எடுத்துட்டு வந்துடறேன்.

அத்தை. தனியா வந்தேன்னு சொன்னீங்களே. கீழ நிக்கிறது யார் கார்?

தெரியும், அவர் சொல்லச் சொன்னதைச் சொன்னீங்க. என்னைப் பாத்ததும் கண்ணாடியை ஏத்திக்கிட்டார். ஏசி போட்டு உக்காந்திருக்கார். முட்டி தேஞ்ச அம்மாவை மூணு மாடி ஏத்தி விட்டுட்டு.

சரி, நேராவே சொல்லிடறேன், நீங்க போய் அப்படியே சொல்லுங்க. பதினாலுக்கும் அந்த ஓட்டையை அடைச்சு வச்சிருக்கேன். ஆமா, ரெடியா இருக்கு. இதோ இந்த லேப்டாப்ல. இருபதுக்குச் செஞ்ச வாரத்துலயே அதையும் செஞ்சுட்டேன். முடியாம குடுக்காம இருக்கிறதுல என்ன இருக்கு? கையில வச்சுக்கிட்டுக் குடுக்காம இருக்கணும். அவர் செய்ய வேண்டியது ஒண்ணுதான். அந்தப் பொதுப் பக்கத்துல, தன் சொந்தப் பேர்ல வந்து கேக்கணும். இதை எழுதினது நான் இல்ல, அவ. எனக்கு இது தெரியாது, உதவி பண்ணுன்னு. அவர் எழுதி முடிக்கிறதுக்குள்ள குடுத்துடுவேன். தனியாப் பேசலாம், போன்ல பேசலாம், அம்மாவை அனுப்பலாம், அதெல்லாம் நடக்காது.

உடைஞ்சு போயிடுவாரா? ஆமா. அதுக்குத்தான்.

என்ன சொன்னீங்க? இல்ல, சொல்லுங்க, கேட்டுச்சு. எவ்வளவு கெட்டவனா இருந்தாலும் அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்தான்ல. அதை நினைச்சாவது மன்னிக்கக் கூடாதான்னு.

இத்தனை வருஷமா இதைச் சொல்றீங்க அத்தை. எங்களுக்குள்ள சண்டை வர்றப்பல்லாம் இதைத்தான் சொல்வீங்க. நானும் தலையாட்டுவேன்.

குழந்தை தங்கலைன்னு டாக்டர் சொல்லிட்டுப் போனார். நீங்க கட்டில் ஓரத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சிட்டிருந்தீங்க. என் போன் அடிச்சுது. நீங்கதான் எட்டி எடுத்துக் குடுத்தீங்க. அவனான்னு கேட்டீங்க. நான் பாத்துட்டு, ஆமா அத்தை, வந்துட்டே இருக்காராம்னேன். உங்க முகத்துல அப்பதான் உயிரே வந்துச்சு.

அது அவர் இல்ல. தானா வர்ற மெசேஜ். டூலோட சொந்தக்காரங்கள்ல இருந்து உங்க பேரை எடுத்தாச்சுன்னு. எடுத்தவர் பேரும் போட்டிருந்துச்சு. மறுநாள் கம்பெனில பணம் போடுறவங்க வர்றாங்க, சொந்தக்காரர் ஒரே ஆளா இருந்தா நல்லதுன்னு யாரோ சொன்னாங்களாம். இவ படுத்துக் கிடக்கா, இப்போ கவனிக்க மாட்டான்னு நினைச்சிருப்பார். சாயங்காலம்தான் வந்தார். ஆப்பிள் வாங்கிட்டு வந்தார். பாத்தியா, பையன் ஓடி வந்துட்டான்னு நீங்க என் தலையைத் தடவினீங்க. நான் ஒண்ணும் கேக்கல. அடுத்த வாரமே உக்காந்து பழையபடி எழுத ஆரம்பிச்சேன்.

உங்ககிட்ட சொல்லியிருப்பேன். நீங்க அப்போ என்னை விட அதிகமா அழுதுட்டிருந்தீங்க.

எழுந்துக்காதீங்க, உக்காருங்க. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் படியில இப்பவே இறங்க வேணாம். உங்க பையில போன் அடிக்குது. அவர்தான், வேற யாரு.

எடுங்க அத்தை. வந்துட்டே இருக்கேன்னு சொல்லுங்க. சொல்லிட்டுக் கட் பண்ணிடுங்க. நான் வேற டீ போட்டுட்டு வர்றேன்.